முட்டுக்கல்

பீடோர் சந்தைக்குப் பின்னால்
மீன் பெட்டிகள் கழுவும் சரிவில்
வேனை நிறுத்தியிருக்கிறோம்.
ரோட் டெக்ஸ் நாளையோடு முடிகிறது.
நாங்கள் கிளம்பியும்
நாளையோடு ஒரு வருடம்.

கொய்யா விற்கும் ஆ மோய் கேட்கிறாள்,
"இன்னும் வீடு வாங்கலயா அக்கா?"
"வீட்டு வாசல்லதானே நிக்கிறேன்" என்றேன்.
உள்ளே குக்கர் கத்தியது.

முப்பத்திரண்டு வருடம்
தோட்டத்துப் பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றி இறக்கியவர்
சூசைநாதன்.
நான் செம்பனைக்கு உரம் போட்டவள்.
ஓய்வு என்று சொல்லி
ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்தார்கள்.
அதே வாரம் கடிதமும் வந்தது:
மூன்று மாதத்தில் வீட்டைக் காலி செய்க.
கடிகாரம் மாட்டச் சுவர் இல்லாமல் போனது.

மகள் கிள்ளானில்
பதினோராவது மாடியில் வீடு பார்த்தாள்.
"லிஃப்ட் கெட்டுப்போனா?" என்று கேட்டவர்
சேமநிதிப் பணத்தோடு போய்
ஒரு வேனோடு வந்தார்.
ரொட்டி விநியோகம் செய்த வேன்.
முதல் மாதம் முழுக்கத்
தலையணையில் பன் வாசம்.

கிளம்பும்போது
அடுப்படியிலிருந்து ஒரு செங்கல் பெயர்த்தேன்,
பின்சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்க.
தோட்டத்துச் சொத்து. திருட்டுதான்.
இவர் போகும் இடமெல்லாம் சொல்லிச் சிரித்தார்.

மெர்சிங்கில் ஒரு குரங்கு புகுந்து
இவருடைய பிரஷர் மாத்திரையைத் தின்றது.
அது பிழைத்ததா என்று பார்க்க
இரண்டு நாள் கூடுதலாகத் தங்கினோம்.
புக்கிட் மெர்தாஜாமில், அன்னம்மாள் திருநாளில்,
எந்த ஊர் என்று கேட்டவர்களுக்கு
நம்பர் பிளேட்டைக் காட்டினார்.
ஏ என்று தொடங்கும். பேராக்.
அதற்குமேல் யாரும் கேட்கவில்லை.

பதினான்கு அடி நீளம், ஆறடி அகலம்.
கோபித்துக்கொண்டு போக அடுத்த அறை கிடையாது.
எனக்குக் கோபம் வந்தால்
வெளியே கவிழ்த்த வாளியில் உட்காருவேன்.
அவருக்கு வந்தால் பானெட்டைத் திறந்து
பழுதில்லாத எஞ்சினைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.
நாலரைக்கு இருவருக்கும் விழிப்பு வந்துவிடும்.
பெரட்டு இல்லை, சங்கு இல்லை.
சீட்டுக்கு அடியில், பெட்டிக்குள்
கடிகாரம் மட்டும் ஓடும்.
தேத்தண்ணி யார் போடுவது என்று
தூங்குவதுபோல் நடிப்போம்.

குவாந்தான் மழையில் ஒரு மாலை
எதிர் லாரியின் இரண்டு விளக்கு
அவருக்கு நான்காகத் தெரிந்தது.
ஓரம் கட்டினார்.
ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை.
நான் ஒன்றும் கேட்கவில்லை.

அறுபத்தொரு வயதில் 'எல்' ஒட்டினேன்.
மேட்டில் நிறுத்த வேண்டும், பின்னால் வழியக் கூடாது.
இரண்டு முறை வழிந்தேன்.
மூன்றாம் முறை
கல் வைக்கலாமா என்று கேட்டேன்.
பரிசோதகர் சிரித்த சிரிப்பில்
என் கால் நடுக்கம் நின்றது.

கோல பெசூட் படகுத்துறையில்
செங்கல்லை எடுக்க மறந்துவிட்டோம்.
நூறு கிலோமீட்டர் தாண்டி, ஜெலியில்
டீ குடிக்க நிறுத்தும்போதுதான் தெரிந்தது.
"திருப்பு" என்றார்.
அத்தனை நாள் திருட்டு என்று சிரித்தவர்.
கண் கலங்கியிருந்ததோ, சொட்டு மருந்தோ.
நான் கிரிக் பக்கம் எடுத்தேன்.
மலை ஏறும்வரை பேசவில்லை அவர்.
யானை கடக்கும் பலகையைப் பார்த்ததும்
"மெதுவா போ" என்றார்.

நேற்று தோட்டத்துக்குப் போனோம்.
எங்கள் வீட்டில் இப்போது
நேபாளத்துப் பையன்கள் ஏழு பேர்.
கொடியில் ஒரே நிறத்தில் ஏழு சட்டை.
அடுப்படியில் நான் பெயர்த்த இடத்தில்
அவர்களே ஒரு கல் வைத்துப் பூசியிருந்தார்கள்.
என்னைவிட நேராக.

இப்போது இருட்டுகிறது.
ஆ மோயிடம் உடைந்த தராசுக்கல் ஒன்று வாங்கி
முழங்காலைப் பிடித்துக் குனிந்து
சக்கரத்துக்கு அணை கொடுக்கிறார்.
"தாங்குமா?"
"இன்னிக்கி ராத்திரிக்குத் தாங்கும்."

காலையில் வண்டியைப் பரிசோதனைக்கு
நான்தான் ஓட்ட வேண்டும்.
அதற்குமுன் கல்லை எடுக்க வேண்டும்.
ஆ மோய்க்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.